சாக்பீஸ் சபதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பழிவாங்கிய கதை. மன்னிப்பே பெரிது என்று நினைப்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கவனமாகக் கேளுங்கள். நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பேன்.

சங்கரன்கோவில் பக்கத்தில் ஓர் ஊர். அங்கே ஒரு தனியார் பள்ளி. அதில் சமூக அறிவியல் ஆசிரியர் குற்றாலலிங்கம். நன்றாகப் பாடம் நடத்துவார், அதை நான் மறைக்கப்போவதில்லை. புத்தகத்தைத் திறக்காமலே முதல் உலகப் போரைச் சொல்வார், கடைசி பெஞ்சு வரைக்கும் பீரங்கிச் சத்தம் கேட்கும். ஆனால் அவருடைய கர்வம் முழுவதும் கரும்பலகையில்தான் இருந்தது. அச்சடித்த மாதிரி எழுதுவார். எழுதிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து தானே பார்த்து ரசிப்பார். மணி அடித்த பிறகும் யாரையும் அழிக்க விடமாட்டார். பிள்ளைகளும் அப்படியே எழுத வேண்டும். எழுத்து கோணினால் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து விரல் முட்டியில் போடுவார்.

சந்தனமாரி எட்டாம் வகுப்பில் அவரிடம் வந்து சேர்ந்தாள். மினிபஸ் ஓட்டுநரின் மகள். ஒருமுறை கேட்டால் போதும், அவளுக்கு மறக்காது. எழுத்துதான் கிறுக்கல். முட்டி வீங்க வீங்க அடி வாங்கி, அவள் எழுத்தும் முத்துமுத்தாக மாறியது. அதோடு வேகமும் போயிற்று. ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுவதுபோல் வரைந்தாள். தேர்வில் பாதித் தாள் முடிவதற்குள் மணி அடித்துவிடும். எழுதிய விடைகளில் ஒரு தப்பு இருக்காது. எழுதாத விடைக்கு யார் மார்க் போடுவார்கள்? கண் எரிய எரியப் படித்தும் அவள் ஐம்பதைத் தாண்டவில்லை.

அந்தப் பள்ளியில் விடைத்தாளை மார்க் வரிசையில்தான் கொடுப்பார்கள். முதல் தாளைச் சிரித்துக்கொண்டே கையில் கொடுப்பார் குற்றாலலிங்கம். கடைசித் தாளை வீசி எறிவார். சந்தனமாரி தன் தாளைத் தரையிலிருந்துதான் பொறுக்கினாள்.

"எழுத்து மட்டும் நல்லாத்தான் இருக்கு. மண்டையிலதான் ஒண்ணும் இல்ல," என்பார்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், அறுபதுக்குக் கீழே வாங்கியவர்களைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவது என்று முடிவானது. வாசலில் வைக்கிற பிளெக்ஸ் பேனரில் குறைந்த மார்க் தெரியக்கூடாதாம்.

சந்தனமாரி எழுந்து நின்றாள். "சார், எனக்கு எல்லாம் தெரியும் சார். வாயால கேளுங்க, சொல்லுதேன்."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். "நீ பொதுத்தேர்வுல தொண்ணூறு வாங்கிட்டு வா புள்ள. அன்னையிலேருந்து நான் சாக்பீஸைக் கையால தொட மாட்டேன். குற்றாலநாதர் சத்தியம்."

டி.சி.யை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவள் அழுதாள். அழுது முடித்த பிறகு ஆத்திரம் வந்தது. அது நல்ல ஆத்திரம், அவளை உட்கார வைத்து யோசிக்க வைத்தது. வீட்டில் ஸ்கேலோடு நிற்க யாரும் இல்லை. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கை போன போக்கில் எழுதிப் பழகினாள்.

"அப்பா, இனிமே என் எழுத்து அசிங்கமாத்தான் இருக்கும்," என்றாள்.

"படிக்க முடியுதுல்ல? எழுது தாயி," என்றார் அப்பா.

தனித்தேர்வராகப் பொதுத்தேர்வு எழுதினாள். சமூக அறிவியலில் தொண்ணூற்றாறு.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மார்க் ஷீட்டோடு பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தாள். குற்றாலலிங்கம் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், சாக்பீஸைக் கீழ வைங்க."

அவர் மார்க் ஷீட்டைப் பார்த்தார். முகம் வெளுத்தது. சாக்பீஸைக் கீழே வைத்தார். மழுப்பவில்லை, அந்த மட்டுக்கு அவரைப் பாராட்ட வேண்டும். "சத்தியம் பண்ணினது நெசந்தான். சாக்பீஸ் தொடாத வாத்தியார் எதுக்கு? இன்னைக்கே வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போயிருதேன்," என்றார்.

சத்தம் கேட்டு ஓடி வந்த தலைமையாசிரியை ஜெபமணி, "கோவத்துல சொன்னதெல்லாம் சத்தியமாம்மா? நல்ல மார்க் வாங்கிட்டியே, பெரிய மனசு பண்ணி விட்ரு," என்றார்.

விடுவதற்கா அவள் வந்தாள்? ஆனால் கடைசி பெஞ்சில் முத்துப்பேச்சி என்ற பெண்ணைப் பார்த்துவிட்டாள். எல்லாரும் எழுதி முடித்துவிட்டார்கள், அவள் மட்டும் இரண்டாவது வரியை முத்துமுத்தாக வரைந்துகொண்டிருந்தாள். விரல் முட்டிகள் சிவந்திருந்தன.

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, சார் போயிட்டா எங்களுக்கு யாருக்கா பாடம் நடத்துவா?"

அந்தச் சின்ன ஊருக்கு, அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆசிரியர் கிடைக்கமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கதையை இங்கே நிறுத்துகிறேன். ஆசிரியர் போனால் பிள்ளைகள் கெடுவார்கள். விட்டுவிட்டால் சந்தனமாரி பட்ட அவமானத்துக்குப் பதில் இல்லை, முத்துப்பேச்சியின் விரலுக்கும் காவல் இல்லை. சத்தியமும் நிற்க வேண்டும், வகுப்பும் நடக்க வேண்டும், பழியும் தீர வேண்டும். அவள் என்ன சொல்லியிருப்பாள்? நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

விடை இதுதான். "சார் போக வேண்டாம். பாடத்த வாயால நடத்தட்டும், அவருக்கு அது நல்லா வரும். பலகையில எழுத வேண்டியத முத்துப்பேச்சி எழுதுவா. அவ எழுதி முடிக்கிற வரைக்கும் சார் ஸ்கேலத் தொடாம பக்கத்துல நிக்கணும்," என்றாள் சந்தனமாரி. ஜெபமணி தலையாட்டினார். முத்துப்பேச்சி பலகைக்கு வந்து முதல் எழுத்தை வரைய ஆரம்பித்தாள். குற்றாலலிங்கம் நின்றார். கால் மாற்றி நின்றார். தலைப்பே இன்னும் முடியவில்லை. பொறுக்க முடியாமல், "வெரசா எழுது புள்ள, மணி அடிச்சிரும்," என்றார். வாசலில் நின்ற சந்தனமாரி திரும்பிப் பார்த்தாள். "நீங்க அடிச்சுக் கத்துக்குடுத்த எழுத்து சார். அதுக்கு இவ்வளவு நேரம் ஆகும்."