கதவடைச்சான் வகையறா

பிரமநாயகம் அண்ணாச்சி லோடு ஆட்டோவில் ஒரு கருங்கல் பலகையை ஏற்றிக்கொண்டு மடத்து வாசலில் வந்து இறங்கியபோது, நான் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். மடத்தில் எனக்குச் சமையல் வேலை.

"என்ன அண்ணாச்சி, சமாதி கட்டப் போறீயளா?" என்று கேட்டேன்.

"வாயைக் கழுவும்வே" என்றார். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. மனைவி போன பிறகு மடத்துக்கு வந்தவர், ஒன்பது வருஷமாக எங்களோடுதான் இருக்கிறார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கல்லை இறக்கி வேப்பமரத்தில் சாய்த்து வைத்தார்கள். புதிதாக வெட்டிய எழுத்து, வெள்ளை வெளேரென்று இருந்தது. 'ஊர்காத்தான் வகையறா உபயம்.'

எனக்குப் புரியவில்லை. அண்ணாச்சியின் வகையறாப் பெயர் அது இல்லை என்பது எனக்கே தெரியும்.

எங்கள் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்கு அவரவர் குலசாமியான சாஸ்தா கோயிலுக்குப் போயாக வேண்டும். எந்தச் சீமைக்குப் பிழைக்கப் போனாலும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் காது குத்துவதும் அங்கேதான். குத்துவதற்கு முன்னால் பூசாரி, இன்ன வகையறாப் பிள்ளை இது என்று சாஸ்தாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வார். ரேஷன் கார்டில் இருக்கிற பெயரெல்லாம் சாஸ்தாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது வகையறாப் பெயர்தான். எந்தக் காலத்திலோ ஒரு பாட்டனுக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. சிலருக்கு நல்லதாக வாய்த்துவிடும். சிலருக்குத் தொந்தியான் என்று வாய்க்கும், சிரித்துவிட்டுப் போகலாம். அண்ணாச்சி வீட்டுக்கு வாய்த்தது கதவடைச்சான்.

கோமதியம்மை உள்ளிருந்து வந்தாள். அவள்தான் எங்கள் குரு. வயது இன்னும் ஐம்பதைத் தொடவில்லை. மகள் வயதுக்காரியின் காலில் இந்த மனுஷன் விழுகிறாரே என்று ஊரில் சிலர் முணுமுணுத்ததுண்டு. அண்ணாச்சி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவர் அவளை அம்மை என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

"அம்மை, எங்க பேரு மாறப் போவுது" என்றார் அண்ணாச்சி.

"அப்படியா?"

"பேத்திக்குக் காது குத்தணும்லா. மவன் மாட்டேன்னு நிக்கான்."

"ஏன்?"

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "சின்னப் பிள்ளையில அவன் பள்ளிக்கூடம் போனா, பயலுவ வகுப்புக் கதவைச் சாத்திருவானுவளாம். கதவடைச்சான் வாரான், கதவை அடைங்கலேன்னு. இவன் வெளியில வெயில்ல நிப்பானாம். எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல அம்மை. போன மாசம் போன்ல சொல்லி அழுதான். எம் பிள்ளை காதுல அந்தப் பேரு விழக்கூடாதுப்பா, விழும்னா நான் அந்தக் கோயில் வாசலையே மிதிக்க மாட்டேங்கான்."

சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"அவன் வராட்டி என்னோட எல்லாம் முடிஞ்சுது. சாஸ்தாவுக்கும் எங்களுக்கும் அத்துப்போவும். எம் பேத்திக்குத் தன் சாமி எதுன்னே தெரியாமப் போயிரும்."

"அதுக்குத்தான் இந்தக் கல்லா?"

"சும்மா இல்ல அம்மை, விசாரிச்சுட்டேன்." மறுபடி அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஊரெல்லாம் வாந்திபேதி வந்த வருஷம், தண்ணி கேட்டு வந்த ஒரு பொம்பளை மூஞ்சியில எங்க பூட்டன் கதவை அடைச்சாருன்னுதானே இத்தனை நாளும் சொல்லிக்கிட்டு இருந்தாவ? அது பொய். அவருக்கே பேதி கண்டிருக்கு. ஊருக்குப் பரவிறக் கூடாதுன்னு, தன்னை உள்ள வச்சுத் தாழ் போட்டிருக்காரு. ஊரைக் காத்த மனுஷன் அம்மை! அவரைப் போயி..."

"யாரு சொன்னா?"

"செங்கோட்டையில ஒரு சித்தப்பா இருக்காரு. தேடிப் பிடிச்சுப் போய்ப் பார்த்தேன்."

"அவரு வாயால சொன்னாரா?"

அண்ணாச்சி கொஞ்சம் தயங்கினார். "இப்படி இருந்திருக்குமா சித்தப்பான்னு கேட்டேன். இருக்கும் இருக்கும், யாரு கண்டான்னாரு."

நான் கத்தரிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்திருந்தால் அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது.

"பூசாரிகிட்டப் பேசிட்டேன். கல்லைப் பதிச்சுட்டா அதுதான் பேருன்னுட்டாரு. நீங்க வந்து உங்க கையால ஒரு பொட்டு வச்சாப் போதும். நீங்க பக்கத்துல நின்னா, ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்."

அம்மை கல்லைப் பார்த்தாள்.  பிறகு அங்கேயே மரத்தடி மண்ணில் உட்கார்ந்தாள்.

"உக்காருங்க அண்ணாச்சி. ஒரு கதை சொல்லுதேன்."

அவர் உட்கார்ந்தார்.

"பேதி வந்த வருஷம். வீட்டுல எல்லாரையும் சாகக் குடுத்துட்டு, ஒருத்தி மிஞ்சின ஒத்தப் பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு வேற ஊருக்கு நடந்தா. பொம்பளைப் பிள்ளை. ஏழு வயசு. வழியில அவளுக்கே வயித்தால போக ஆரம்பிச்சிட்டு. பொழுது சாயுற நேரம் ஒரு வீட்டு வாசல்ல போய்த் தண்ணி கேட்டா. வீட்டுக்காரன் அவ மூஞ்சியைப் பார்த்தான். பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. உள்ள அவன் பொண்டாட்டி பிள்ளைங்க. கதவை அடைச்சிட்டான்."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப அந்தப் பேச்சுதான் நெசமா?"

"இன்னும் முடிக்கல. அவ அந்தக் கதவுலேயே சாஞ்சு உக்காந்துட்டா. பிள்ளையும் சாஞ்சுக்கிட்டு. உள் பக்கம் அவனும் கதவுல சாஞ்சுதான் உக்காந்திருக்கான். எந்திரிச்சுப் போகல. அவன் அழுதது பிள்ளைக்குக் கேட்டுச்சு. விடிய விடியக் கேட்டுச்சு. கதவு திறக்கல."

மாட்டுத் தொழுவத்தில் கன்று ஒன்று கத்தியது. வழக்கமாக அண்ணாச்சி எழுந்து ஓடுவார். இன்றைக்கு அசையவில்லை.

"காலையில திறந்தான். தாய் போயிட்டா. பிள்ளை எந்திரிச்சு நடந்துச்சு. இவன் கூப்பிட்டுக்கிட்டே பின்னால வந்தான். அது திரும்பிப் பார்க்கல."

"போதும் அம்மை."

"கேளுங்க. ஊரு அவனை ஒரு வார்த்தை சொல்லல அண்ணாச்சி. யாரு சொல்லுவா? அந்த வருஷம் எல்லா வீட்டுக் கதவும் அடைச்சுத்தான் கிடந்துச்சு. அடுத்த பங்குனிக்கு அவன் தன் மகனுக்குக் காது குத்தச் சாஸ்தா கோயிலுக்குப் போனான். பூசாரி அவன் வகையறாப் பேரைச் சொன்னாரு. நல்ல பேருதான். அது எம்பேரு இல்ல, கதவடைச்சான்னு சொல்லும்னான். என்னவே உளறுதீருன்னு பூசாரி மாட்டேன்னாரு. அப்படிச் சொல்லலைன்னா எம் பிள்ளைக்குக் காது குத்தவே வேண்டாம்னு நின்னுட்டான். சொன்னாரு."

அண்ணாச்சி நிமிர்ந்தார். "அவராவா வச்சுக்கிட்டாரு?"

"அவராத்தான்."

"பழைய பேரு என்ன?"

"அது யாருக்கும் ஞாபகத்துல இல்ல."

அண்ணாச்சி கல்லைத் திரும்பிப் பார்த்தார். அதிலிருந்த எழுத்தை இப்போதுதான் முதல்முறையாகப் படிப்பவர் போல இருந்தது. பிறகு கேட்டார். "இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா அம்மை?"

"எங்க அம்மை சொன்னா. அவளுக்கு அவ அம்மை. அப்படியே போனா, அந்த ஏழு வயசுப் பிள்ளை."

 ஒன்பது வருஷம் இந்த இரண்டு பேருக்கும் ஒரே உலையில் சோறு பொங்கிப் போட்டவன் நான். அடப் பாவமே என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். வேறென்ன சொல்ல?

அம்மை குரல் மாறாமல் சொன்னாள். "அவ வளர்ந்து வாக்கப்பட்ட வீட்டுக்கும் அதே சாஸ்தாதான். ஒரு உத்திரத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போயிருக்கா. கதவடைச்சான் வகையறான்னு பூசாரி கூப்பிட, ஒரு கிழவன் எந்திரிச்சு முன்னால வந்தான். அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு பக்கத்துல நின்னவகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா. ஆளையும் தெரிஞ்சுபோச்சு. நாந்தான் அந்தப் பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. திருநீறு வாங்கிக்கிட்டுப் பேசாம வந்துட்டா. அடுத்த உத்திரத்துக்கு அந்தக் கிழவன் இல்ல. சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுவாளாம். பெத்த அம்மை செத்ததுக்குக்கூட அவ அவ்வளவு அழலையாம்."

அண்ணாச்சி கேட்டார். "ஒன்பது வருஷமா ஏன் அம்மை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"இன்னைக்கும் பேரை மாத்தத்தானே என்கிட்ட வந்தீங்க. அந்தப் பொம்பளை யாருன்னு ஒரு நாள்கூடக் கேக்கலையே."

அண்ணாச்சி குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மை தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. அவர் அழுது முடிக்கும் மட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் கடப்பாரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தனியாகவே நெம்பி நெம்பிக் கல்லைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், எழுத்து அடியில் இருக்கும்படி கவிழ்த்துப் போட்டார். இப்போது நாங்கள் அதில்தான் துணி துவைக்கிறோம். நல்ல கல்.

அப்புறம் தொழுவத்துப் பின்னால் நின்று மகனுக்குப் போன் பண்ணினார். நெடுநேரம் பேசினார்.

"என்ன சொல்லுதான்?" என்று கேட்டேன்.

"வாரேன்னு சொல்லல. வர மாட்டேன்னும் சொல்லல. கேட்டுக்கிட்டே இருந்தான், வச்சிட்டான்."

உத்திரத்தன்று வேன் பிடித்து எல்லோரும் போனோம். அம்மையும் வந்தாள். குளத்தங்கரையில் கூட்டமான கூட்டம். அண்ணாச்சி பாதையையே பார்த்தபடி நின்றிருந்தார். கார் வந்து நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். உச்சிப்பொழுதுக்கு வந்து நின்றது ஒரு கார். மகன் தில்லைநாயகம், அவன் மனைவி, மனைவியின் தம்பி, பட்டுப்பாவாடை கட்டிய ஒரு வாண்டு. மகன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தகப்பன் நீட்டிய கையைப் பிடித்தான், விட்டான்.

தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். பூசாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கல்லு எங்க அண்ணாச்சி? எந்தப் பேரைச் சொல்ல?" என்றார்.

அண்ணாச்சி மகனைப் பார்த்தார். இது அவன் பிள்ளை, அவன்தான் சொல்ல வேண்டும்.

"இருங்க பூசாரி" என்றான் தில்லைநாயகம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மையிடம் வந்தான். கும்பிடவில்லை. நேராகக் கேட்டான்.

"எங்கப்பா எல்லாம் சொன்னாவ. உங்க வீட்டுப் பொம்பளை செத்தது எங்க வாசல்ல. பேரைக் கேட்டதுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா?"

"தெரிஞ்சுது."

"பொறவு எப்படி எங்கப்பாவை உள்ள விட்டீங்க?"



"ஐப்பசி மாசம்ப்பா. அடைமழை. யாரோ கதவைத் தட்டினாவ, போய்த் திறந்தேன். உள்ள வந்து தலையைத் துவட்டி, ஒரு வாய் சாப்பிட்ட பொறவுதான் யாருன்னு கேட்டேன்."

தில்லைநாயகம் திரும்பிப் போய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான். பூசாரி வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

"கதவடைச்சான் வகையறா."