குறை சொல்லியே வாங்கியவன்

ராஜா யானை மேலே போக, மற்ற ஜனமெல்லாம் புழுதியில் நடந்து போன காலம் அது. காதைக் கொடுத்துக் கேளுங்கள். இரண்டாம் தடவை சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

கொங்குச் சீமையில் வெள்ளியங்கிரி என்று ஒரு மாட்டு வியாபாரி இருந்தான். அப்பன் அவனுக்கு விட்டுப்போனது ஒரு சாட்டை மட்டும்தான். சந்தை சந்தையாக அலைந்தான், ஏமாந்தான், அடிபட்டான். அப்படித்தான் தொழில் பிடிபட்டது. கற்றது மொத்தம் இரண்டே பாடம்.

வாங்கும்போது குறை சொல். பல் தேய்ந்துவிட்டது, சுழி சரியில்லை, நடை கோணல். நல்ல மாடு என்று வாய் தவறிச் சொன்னாயோ, தொலைந்தாய், விலை ஏறிவிடும்.

விற்கும்போது புகழ். மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொள். "மகன் மாதிரி வளத்தேனுங்க, மனசு கேக்கலீங்க" என்று கண்ணைத் துடை. வெள்ளியங்கிரிக்கு நினைத்த மாத்திரத்தில் கண்ணீர் வரும்.

இதில் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சந்தையில் வேறு எப்படிப் பிழைப்பது? ஆனால் சந்தை வாயைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகவேண்டும். அந்த மடையன் கழற்றவில்லை.

அவன் மனைவி பாவாத்தாள். விடிந்ததும் அவளுக்கு ஒரு பழக்கம். கிணற்றடியில் நின்று, "இன்னைக்கும் ஊறிக் குடுத்தியே, நல்லா இரு" என்பாள். பசுவைத் தடவி, "கறந்து குடுத்தியே, நல்லா இரு" என்பாள். அடுப்பைத் தொட்டு, "எரிஞ்சு குடுத்தியே, நல்லா இரு" என்பாள். புருஷன் சந்தையிலிருந்து திரும்பினால், "பத்திரமா வந்தீங்களே, அதே போதுங்க" என்பாள்.

அவன் சிரிப்பான். "ஏம்புள்ள, கெணத்துக்கிட்ட இப்பிடி இளிச்சீன்னா நாளைக்கு அது தண்ணிக்கு வெல கேக்கும்!"

அவள் சோறு போட்டால் உப்புக் குறைச்சல். வேட்டி துவைத்தால் அழுக்குப் போகவில்லை. அவனுக்குக் காய்ச்சல் என்று ராப்பகலாக நெற்றியைத் தடவினால், "கையா அது, கருங்கல்லாட்டம்." இருபது வருஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்லா இருக்கு என்று அவன் சொன்னதில்லை. மனசில் இல்லாமல் இல்லை. சொன்னால் விலை ஏறிவிடும் என்று பழகிப்போன வாய்.

ஓர் ஐப்பசி மழையில் பாவாத்தாள் காய்ச்சலில் விழுந்தாள். வைத்தியர் வந்து கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார்.

"மூணு நாள் உள்ளே போச்சுன்னா பொழைச்சுக்குவா. ஆனா வாயையே தெறக்க மாட்டேங்கறாளே, வெள்ளியங்கிரி!"

அவன் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்தான். "குடி புள்ள."

"எதுக்குங்க? பல்லுப் போன மாட்டுக்குப் பருத்திக்கொட்டையா?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இவளைப் பிழைக்க வைக்க வேண்டுமானால், பிழைக்க வேண்டும் என்று இவளுக்குத் தோன்றவேண்டும். இருபது வருஷம் பூட்டி வைத்ததைத் திறந்தான்.

முதல் நாள் சொன்னான்: "உன் கைப்பக்குவம் எவளுக்கு வரும்? உன் சோத்துக்கு ஈடே இல்ல புள்ள."

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "எங்கண்ணனுக்கு ஆள் அனுப்பிட்டீங்களா? என்னைக் கூட்டிட்டுப் போக வண்டி வந்துருச்சுங்களா?"

"எந்த வண்டி?"

"நீங்க எதை நல்லா இருக்குன்னு சொன்னாலும், மறுநாள் அது கட்டுத்தறியில இருக்காதுங்களே."

கஷாயம் ஆறிப்போயிற்று.

இரண்டாம் நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "இந்த வீடு நின்னதே உன்னாலதான். உன்னாட்டம் ஒழைக்கறவ இந்தச் சீமையில உண்டா?"

"போதுங்க, நீங்க சிரமப்பட வேண்டாம்" என்றாள். "அண்ணன் கேட்டா நானே சொல்லிக்கறேன், நல்லா ஒழைப்பேன்னு."

அன்றைக்கும் கஷாயம் ஆறிப்போயிற்று.

மூன்றாம் நாள் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அழுதான். மூக்கு ஒழுக, தோள் குலுங்க அழுதான். "நிசம் புள்ள! நீ போயிட்டா எனக்கு யாரு? சத்தியமா இது நிசம்!"

நிசமாக அழுவதற்கென்று அவனிடம் தனியாக ஒரு குரல் இல்லையே! சந்தையில் அழுத அதே குரல்தான் இங்கேயும் வந்தது. பாவாத்தாள் சிரமப்பட்டுக் கையைத் தூக்கி அவன் கண்ணைத் துடைத்தாள்.

"செவலைக் காளைய வித்தப்பவும் இப்பிடித்தான் அழுதீங்க. அழாதீங்க. நான் தகராறு பண்ணாமப் போயிடறேன்."

பொழுது சாயுமுன் போய்விட்டாள். கிண்ணம் நிறைந்தபடி இருந்தது.

வெள்ளியங்கிரி மாடுகளை அவிழ்த்துவிட்டு, ஊரைவிட்டு நடந்தான். எத்தனையோ காலம் கழித்து, பேர் தெரியாத ஓர் ஊரில், முகம் தெரியாத ஒரு பெண் அவனுக்கு ஒரு கலயம் கம்பங்கூழ் ஊற்றினாள். குடித்துவிட்டு, "நல்லா இருக்குது தாயி" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இன்னொரு வாய் ஊத்தட்டுங்களா?" என்று ஓடினாள்.

அப்படியொரு முகத்தை அவன் தன் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. இவ்வளவு லேசான காரியமா அது? கலயத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் திரும்பி வருவதற்குள் எழுந்து போய்விட்டான். அதற்கப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை.

முகத்தைத் திருப்பாதீர்கள், உங்களுக்குத்தான் சொல்கிறேன்: தினமும் சொல்லிப் பழகாத நன்றியை உயிர் போகிற நாளில் சொன்னால், அதை நம்ப ஆள் இருக்காது.