உப்பளத்து ஞானப்பூவும் கறுப்பு மதிலும்

கடலுக்கும் மலைக்கும் நடுவிலே, ராஜாக்கள் தாங்களே குதிரையேறி ஊர் சுற்றிய அந்தக் காலத்திலே, வெண்ணளம் என்று ஒரு நாடு இருந்தது. நாடு முழுக்க உப்பளம். உப்பு விளைந்தால் சோறு, விளையாவிட்டால் பட்டினி.

அங்கே ஞானப்பூ என்று ஒரு பெண் இருந்தாள். அவளும் புருஷன் சவேரியும் உப்பு வாரிப் பிழைத்தார்கள். ஞானப்பூ நல்ல உழைப்பாளி. வாய் மட்டும் ஓயாது. “என்ன வெயிலு, தோல் உரியுது! என்ன காத்து, கண்ணு எரியுது! என்ன பொழப்பு இது!” அவள் மட்டுமா? ஊரே அப்படித்தான்.

மலை உச்சியில் இருந்த மந்திரவாதி கடுங்கண்ணனுக்கு இந்த முணுமுணுப்பு தேனாக இனித்தது. ஒரு பிடி சாம்பலை ஊதி மந்திரம் போட்டான். அன்று முதல் ஊரார் முணுமுணுத்த ஒவ்வொரு சொல்லும் கறுப்புக் கல்லாகி, மலைமேல் போய் உட்கார்ந்தது. டொக்! டொக்! டொக்! கல்மேல் கல் ஏறி மதிலானது. மதில் வளைந்து வானத்தை மூடியது. வெயில் இல்லை. வெயில் இல்லாமல் உப்பேது?

ராஜா வீரர்களை அனுப்பினார். அவர்கள் கடப்பாரையால் இடித்தபடி, “கையெல்லாம் கொப்புளம்!” என்றார்கள். டொக்! யானைகளை அனுப்பினார். பாகர்கள், “இதுகளுக்குத் தீனி போட்டே மாளல!” என்றார்கள். டொக்! கடைசியில் ராஜாவே வந்து நிமிர்ந்து பார்த்து, “எல்லாம் என் தலையெழுத்து!” என்றார். டொக்! அது யானை அளவுக் கல்.

ஒருநாள் உப்பளத்து வரப்பில் ஓர் ஆள்காட்டிக் குருவி, காலில் வலைநூல் சுற்றித் துடித்துக் கிடந்தது. ஞானப்பூ குனிந்து நூலைப் பிரித்தாள். “என் வேலையே தலைக்கு மேல கெடக்கு, இதுல நீ வேற!”

டொக்!

“கேட்டியா தாயி?” என்றது குருவி. “அது உன் கல்லு.”

ஞானப்பூ மலையை நிமிர்ந்து பார்த்தாள். “அப்போ இந்த மதிலு...?”

“நீங்க எல்லாரும் கட்டுனது. நன்றி சொல்லு, ஒரு கல்லு உதிரும். ஆனா பொய்யா சொன்னா பலிக்காது.”

“வலிச்சா என்ன செய்ய? சிரிக்கவா?”

“ஆண்டவர்கிட்ட போய் அழு. அது ஜெபம், கல்லாகாது. அவரை விட்டுட்டு ஊரெல்லாம் புலம்புறதுதான் கல்லாகுது.”

ஞானப்பூ கடற்கரைச் சிலுவைக்கு முன்னால் முழங்காலிட்டாள். “ஆண்டவரே, என் நாக்கு என் பேச்சைக் கேக்காது. உம்ம பேச்சையாவது கேக்கட்டும்.”

லேசாகவா இருந்தது? மறுநாள் குடத்தோடு தண்ணீருக்கு நடக்கையில், ‘தண்ணி எவ்வளவு தூரம்’ என்று நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கிவிட்டு, உண்மையாய் ஒன்றைத் தேடினாள். “நடக்கக் காலு இருக்கு. ஸ்தோத்திரம்!”

மலைமேல் பொலபொலவென்று ஒரு கல் உதிர்ந்தது.

கடுங்கண்ணன் திடுக்கிட்டான். காற்றாய் வந்து அவள் குடத்தை உடைத்தான். ஞானப்பூ பல்லைக் கடித்தாள். “கை தப்பிச்சுது. ஸ்தோத்திரம்!” பொலபொல. மழையாய் வந்து அவள் குடிசையை நனைத்தான். அவள் விடிய விடிய நடுங்கினாள். “பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் திறந்தாங்க. ஸ்தோத்திரம்!” பொலபொல. மூன்றாவதாக, அவள் கண்ணெதிரே சவேரியைக் கறுப்புக் கல்லாக்கி மதில் உச்சியில் பதித்தான்.

“இப்போ சொல்லு பாப்போம், உன் நன்றியை!” என்று சிரித்தான்.

ஊரே ஓடிவந்து கூடியது. ஞானப்பூ மண்ணில் விழுந்தாள். பொய்யாக ஒரு சொல்லும் சொல்லவில்லை.

“ஆண்டவரே, உசிரு போகுது. தாங்க முடியல” என்று அழுதாள். கல் எதுவும் எழவில்லை. கண்ணைத் துடைத்தாள். “ஆனாலும் அவரை எனக்குத் தந்தீரே. நான் காய்ச்சலா கெடந்தப்போ எனக்குக் கஞ்சி ஊட்டுன கை அது. நான் கத்துனாலும் திரும்பக் கத்தாத வாய் அது. அதுக்கு நன்றி, ஆண்டவரே.”

மதில் கிடுகிடுத்தது. பின்னாலிருந்து ஒருவன் தயங்கித் தயங்கி, “சவேரி என் படகைச் சும்மாவே செப்பனிட்டுத் தந்தான். நன்றி ஆண்டவரே” என்றான். இன்னொருத்தி, “ஞானப்பூ என் புள்ளைக்குப் பால் குடுத்தா” என்றாள். பிறகு ஊரே வாய் திறந்தது. அவரவருக்குச் சொல்ல ஒன்று இருந்தது!

பொலபொல! பொலபொல! பொலபொல!

“ஐயோ, என் பாடெல்லாம் பாழாப்போச்சே!” என்று புலம்பினான் கடுங்கண்ணன். அவன் போட்ட மந்திரம் அவனை மட்டும் விடுமா? டொக்! அவனே கூழாங்கல்லாகி உருண்டு கடலில் விழுந்தான்.

மதில் சரிந்தது. வெயில் கொட்டியது. கற்களுக்கு நடுவிலிருந்து சவேரி தூசி தட்டிக்கொண்டு எழுந்து வந்தான். ஞானப்பூ ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பேச்சே வரவில்லை. முதல்முறையாக!

ராஜா குதிரையை விட்டிறங்கி அவளை வணங்கினார். “அம்மா, என் படையால் ஆகாததை உன் நாவு செய்தது” என்று சொல்லி, உப்பளங்களை எல்லாம் உழைப்பவர்களுக்கே எழுதிக் கொடுத்தார்.

உப்பு பூத்தது. புது உப்பு போட்டு ஞானப்பூ கஞ்சி காய்ச்சினாள். சவேரி ஒரு வாய் குடித்ததும் முகம் கோணியது.

“ஏங்க, உப்பு கூடிப்போச்சா?”

“கூடித்தான் போச்சு, பூவு” என்றான் சவேரி. “ஆனா, உப்பு இருக்குல்ல!”

இருவரும் சிரித்த சிரிப்பு கடல்வரை கேட்டதாம். அவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள். கேட்ட நாமும் நன்றாக வாழ்வோம்.