விக்கல் ஜெசிந்தா

ஒரு ஊர்ல ஒரு பாட்டுக்காரி இருந்தா. கடலோர ஊரு. பேரு ஜெசிந்தா. நல்ல குரலுதான். ஆனா பாட்டு மேல ஏற ஏற "விக்"குன்னு விக்கல் வந்துரும். ம் சொல்லு, அப்பதான் கதை நகரும்.

மொதல்ல மாதா கோயில் பாட்டுக் குழுவுல சேர்ந்தா. எல்லாரும் கண்ண மூடி ஜெபம் பண்ற நேரத்துல "விக்". சாமியாரே திரும்பிப் பாத்தாரு. பாட்டு மாஸ்டர், "நீ வீட்லயே ஜெபம் பண்ணும்மா"ன்னுட்டாரு.

அப்புறம் கல்யாணக் கச்சேரி. பொண்ணு தலை குனிஞ்சு மெல்ல மெல்ல நடந்து வருது, இவ உருகி உருகிப் பாடுறா, "விக்". மாப்பிள்ளை சிரிச்சுட்டான். பொண்ணு ஒரு மொறை மொறைச்சா பாரு, அதோட அந்த வேலையும் போச்சு.

அப்புறம் ரேடியோவுல குரல் தேர்வு. தண்ணி குடிச்சா, மூச்சடக்கினா, ஒரு வாய் சீனியும் போட்டுக்கிட்டா. வாயத் தொறந்ததும் "விக்". "அடுத்த ஆளு"ன்னாங்க.

வீட்டுக்கு வந்து பாயில குப்புறப் படுத்துட்டா. இனிமே பாடவே மாட்டேன்னா. முழிச்சிருக்கியா? ம், சரி.

அவ அக்கா ரோஸலின் பால்வாடி டீச்சர். மொத நாளு பிள்ளைங்க எல்லாம் "ங்ஙே ங்ஙே"ன்னு அழுவுதுக. "ஏட்டி, வந்து ஏதாவது பாடு, என்னால முடியல"ன்னு தங்கச்சிய இழுத்துட்டுப் போனா. ஜெசிந்தா பாடுனா. "விக்". ஒரு பொடிசு அழுகைய நிறுத்திட்டு, "இன்னொரு வாட்டி"ன்னுச்சு.

அப்புறம் என்ன, பொறந்தநாளு, பள்ளிக்கூட விழா, எங்க பாத்தாலும் ஜெசிந்தாதான். இட்லிப் பாட்டு, தவளைப் பாட்டு, பல்லு விழுந்த பாட்டுன்னு அவளே கட்டிப் பாடுவா.

அப்போ ஒரு நாளு, பெரிய மண்டபம். சுத்துப்பட்டுப் பிள்ளைங்க பூரா வந்து உக்காந்திருக்கு. ஜெசிந்தா பாடுறா. விக்கல் வரல. மேல ஏத்திப் பாடுறா. வரல. அவ்வளவு அழகா அவ பாடுனதே கிடையாது. ஆனா பிள்ளைங்க மூஞ்சி தொங்கிப் போச்சு.

"அத்தை, விக்கல் எங்க?"ன்னுச்சு ஒரு குட்டி.

ஜெசிந்தா பொய்யா விக்கிக் காட்டலாமான்னு நெனச்சா, மனசு வரல. "போயிருச்சு மக்கா. உங்க யாருகிட்டயாவது இருக்கா?"ன்னு கேட்டா.

கடைசி வரிசையிலேருந்து மெல்ல ஒரு "விக்". இந்தப் பக்கம் ஒரு "விக்". அப்புறம் மண்டபம் முழுக்க "விக் விக் விக்". டீச்சருங்க விக்குறாங்க, வாசல்ல நின்ன வாட்ச்மேனும் விக்குறாரு. ஜெசிந்தா சிரிச்ச சிரிப்புல பாட்டே நின்னு போச்சு.

அந்த விக்கல் அவளுக்குத் திரும்பி வரவே இல்ல. அதுக்கப்புறம் எங்க பாடுனாலும் நடுவுல கொஞ்சம் எடம் விட்டுப் பாடுவா. பிள்ளைங்க நெரப்பிக்கும்.

கதை கரை சேந்தாச்சு, கண்ண மூடு. என்னது, "விக்"கா? அது கதையில. நீ தூங்கு.