மரங்கொத்தி பார்த்த வைத்தியம்

ஒரு காட்டில் பெரிய நாவல் மரம் ஒன்று இருந்தது. மரத்தின் மேல் நெடுவாலன் என்ற குரங்கும், மரத்தடியில் ஒரு மான் கூட்டமும் வாழ்ந்துவந்தன. இரு தரப்புக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. சிறுத்தை வருகிறதா என்று நெடுவாலன் உச்சிக்கிளையிலிருந்து பார்க்கும், வந்தால் கத்தும். சிறுத்தை வாடை அடித்தால் மான்கள் கீழிருந்து குரல் கொடுக்கும். அதுபோக, நெடுவாலன் பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்துக் கீழே போடும். அதன் காவலில் ஒரு மான்குட்டிகூடப் பறிபோனதில்லை.

ஒருநாள் கிளை முறிந்து நெடுவாலன் கீழே விழுந்தது. தலை வேரில் மோதியது. சிறிது நேரம் கண்ணே திறக்கவில்லை. பிறகு தள்ளாடி எழுந்தது.

அந்தக் காட்டில் தலைக்கு ஏதாவது என்றால் மரங்கொத்தியைத்தான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க மரத்தில் முட்டியே பிழைக்கிற பறவைக்கு மண்டையைப் பற்றித் தெரியாதா என்று ஒரு நம்பிக்கை. மரங்கொத்திக்கும் அதில் ஏகப் பெருமை!

"ரத்தம் வந்துச்சா?" என்று கேட்டது மரங்கொத்தி.

"இல்லை."

"வீங்கியிருக்கா?"

"இல்லை. ஆனா தலை கிறுகிறுங்குது."

"அட, இதெல்லாம் ஒரு அடியா! காலையிலேர்ந்து நான் ஆயிரம் தடவை முட்டிட்டேன். படுத்துட்டேனா? போ, போய் வேலையைப் பாரு!"

நெடுவாலன் அன்றே மரம் ஏறியது.

அதன்பிறகு எதுவும் சரியில்லை. பட்டப்பகலில் கிளையிலேயே தூங்கி வழிந்தது. எழுப்பினால் சிடுசிடுத்தது. மயிலைப் பார்த்து, "சிறுத்தை! சிறுத்தை!" என்று அலறியது. மான்கள் தலைதெறிக்க ஓடிவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தன.

"கொழுப்பு!" என்றது ஒரு மான்.

"சோம்பேறித்தனம்!" என்றது இன்னொன்று.

எட்டாம் நாள் மதியம் சிறுத்தை உண்மையிலேயே வந்துவிட்டது. நெடுவாலன் நல்ல தூக்கத்தில் இருந்தது. சிறுத்தை, செம்பி என்ற பெண்மானின் குட்டிமேல் பாயப் பதுங்கியது. நல்லவேளை, அந்த நொடியில் காற்று திரும்பியது. வாடையை உணர்ந்த செம்பி வீறிட்டுக் கத்த, குட்டி முட்புதருக்குள் பாய்ந்து தப்பியது. தொடையில் ஒரு கீறல் மட்டும்தான்.

கூட்டத்தின் தலைவன் கொம்பன் நெடுவாலனைக் கீழே இறங்கி வரச் சொன்னது.

"இனி இந்த மரத்துல உனக்கு இடமில்லை. இப்பவே கிளம்பு!"

தனியாகப் போகிற குரங்கைச் சிறுத்தை விட்டுவைக்குமா? நெடுவாலன் கொம்பனின் காலைப் பிடித்துக்கொண்டது.

"முழிச்சிருக்கணும்னுதான் பார்க்கறேன், கண்ணு தானா சொருகுது. ராத்திரியானா பொட்டுத் தூக்கம் வர்றதில்லை. எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே புரியலை!" என்று அழுதது.

எல்லோரும் செம்பியைப் பார்த்தார்கள். அதன் குட்டிதானே சாவின் வாயிலிருந்து தப்பியது? செம்பிதான் அதிகமாகத் திட்டும் என்று நினைத்தார்கள்.

செம்பி சொன்னது: "விழுந்த நாள்லேர்ந்து இவன் பச்சைக் காயாப் போடறான். நேத்து என் குட்டியோட பேரு என்னன்னு மூணு தடவை கேட்டான். 'துள்ளி'ன்னு அந்தப் பேரை வெச்சதே இவன்தான்! இதுவா சோம்பேறித்தனம்? இவனுக்கு உள்ளே அடிபட்டிருக்கு!"

கொம்பன் மரங்கொத்தியைத் திரும்பிப் பார்த்தது. மரங்கொத்தி முதலில் இறகைக் கோதுவதுபோலப் பாசாங்கு செய்தது. பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

"என் மண்டை முட்டுறதுக்குன்னே அமைஞ்ச மண்டை. அவனோடது அப்படியில்லையே! அதை யோசிக்காம விட்டுட்டேன். அன்னைக்கே அவனைப் படுக்க வெச்சிருக்கணும். தப்பு என்னோடது!"

அன்றே நெடுவாலனை அடர்ந்த நிழலில் ஒரு தாழ்ந்த கிளையில் படுக்க வைத்தார்கள். உச்சிக்கிளைக் காவலை மரங்கொத்தி ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை: நெடுவாலனுக்குக் குணமாகும்வரை அந்த மரத்தில் ஒரு கொத்துகூடக் கொத்தக் கூடாது! பாவம், அலகு நமநமவென்று அரிக்க, மரங்கொத்தி பல்லைக் கடிக்கப் பல்லும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

குணமாவதற்கு நாளாயிற்று. ஒருநாள் தேறும், மறுநாள் மறுபடி தலைவலி என்று சுருண்டு படுக்கும். யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஒரு காலையில் செம்பியின் முன்னால் நாவல் பழம் ஒன்று விழுந்தது. செம்பி கடித்துப் பார்த்தது. நல்ல கனிந்த பழம்!

"துள்ளி, உனக்கும் ஒண்ணு வேணுமா?" என்று மேலிருந்து குரல் கேட்டது.

செம்பிக்கு அப்பாடா என்றிருந்தது. கண்கள் நிறைந்துவிட்டன.

நெடுவாலன் மறுபடி உச்சிக்கிளைக் காவலுக்குப் போனது. அதற்கு மூன்றாம் நாள் சிறுத்தை வந்தபோது, அது புதரை விட்டு வெளியே வருவதற்குள் நெடுவாலன் காடே அதிரக் கத்திவிட்டது. சிறுத்தை வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனது. நிபந்தனை தீர்ந்ததில் மரங்கொத்திக்கு ஏகச் சந்தோஷம். ஆசை தீர மரத்தைக் கொத்தித் தள்ளியது! அன்று இரவு மான்கள் நிம்மதியாகத் தூங்கின. எல்லோரையும்விட நன்றாகத் தூங்கியது நெடுவாலன்தான்.

ரத்தம் வரவில்லை என்பதால் அடிபடவில்லை என்று ஆகிவிடாது. அடிபட்டவரைத் திட்டுவதற்கு முன்னால் அவரை ஓய்வெடுக்க விடவேண்டும்.