உப்புப்பாறைக்குப் போகும் கோடு

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த சுகந்தி சொன்னாள். அவளுக்கு ஜெபராணி சொன்னாளாம். ஜெபராணிக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "அவ நடத்துற வெப்சைட்டு. அவளுக்குத் தெரியாதா?" என்றாள் சுகந்தி. வெப்சைட்டின் பக்கங்கள் எங்கேயாவது பேசுமா என்றேன். "நீ என்னைக்காவது காது குடுத்துக் கேட்டிருக்கியா?" என்றாள். கேட்டதில்லை. அதனால் எனக்கு வந்து சேர்ந்தபடியே எழுதுகிறேன்.

ஒரு வலைத்தளம் இருந்தது. அதன் பெயர் ஆமைத்தீவு நண்பர்கள்.

ஆமைத்தீவு என்பது பிள்ளைகளுக்கான மாயக்கதைத் தொடர். அப்போது ஆறு புத்தகங்கள் வந்திருந்தன. மெதுவாக நீந்தும் ஒரு பெரிய ஆமை. அதன் முதுகில் ஒரு தீவு. தீவில் பிள்ளைகளும் பேசும் மரங்களும் சோம்பேறிப் பூதம் ஒன்றும். ஆமை எங்கே போனாலும் கூடவே மிதந்து வரும் உப்புப்பாறை. அந்தப் பாறையில் துத்தி என்ற நாரை தனியாக இருந்தது. அதற்கு ஒரே ஒரு சிறகு. பறந்து வர முடியாது. படகு நெருங்கினால் அலை திருப்பி அனுப்பிவிடும். ஆறு புத்தகங்களாகத் தீவுப் பிள்ளைகள் கரையில் நின்று கை காட்டினார்கள். துத்தி ஒற்றைச் சிறகைக் காட்டியது. அவ்வளவுதான்.

வலைத்தளத்தை நடத்தியவர்கள் ஜெபராணி, கோமதி என்ற இரண்டு தோழிகள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் படித்தார்கள். ஜெபராணி படம் வரைவாள். கோமதி பக்கங்களைக் கட்டுவாள். ஊர் ஊராகப் பிள்ளைகள் அங்கே வந்து போனார்கள்.

பள்ளிக்கூடம் நடக்கும் நேரத்தில் தளத்தில் ஆள் இருக்காது. அப்போதுதான் பக்கங்கள் பேசிக்கொள்ளும்.

காலவரிசைப் பக்கம் கண்டிப்பானது. ஆமைத்தீவில் எது எப்போது நடந்தது என்று எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் புத்தக எண்ணும் பக்க எண்ணும் வைத்திருக்கும். ஆதாரம் இல்லாத எதையும் உள்ளே விடாது. தேடல் பெட்டி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். கருத்துப் பெட்டிக்கு ஊர்வம்பு இல்லாமல் பொழுது போகாது. வரைபடம் எல்லோருக்கும் பிரியமானது.

அந்த வரைபடத்தை ஜெபராணி வெள்ளைத்தாளில் மையால் வரைந்தாள். தளத்தில் ஏற்றுவதற்காகப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்தாள். கடையில் நல்ல கூட்டம். ஸ்கேனர் கண்ணாடியை யாரும் துடைக்கவில்லை.

படம் தளத்தில் ஏறியதும் வரைபடம் தன்னைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டது. ஆமையின் வாலிலிருந்து உப்புப்பாறை வரைக்கும் ஒரு மெல்லிய கோடு கிடந்தது.

"நீ யாரு?" என்றது வரைபடம்.

"தெரியலயே" என்றது கோடு.

"உன்னை ஜெபா வரையலயே."

"வரையல. நான் கண்ணாடில கிடந்தேன். மேல ஒரு தாள் வந்து விழுந்துச்சு. ஒரு வெளிச்சம் ஓடுச்சு. கண்ணைத் திறந்தா இங்க இருக்கேன்."

வரைபடத்துக்குப் பாவமாக இருந்தது. "சரி, இரு. ஆனா அசையாம இரு" என்றது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்தார்கள். முதலில் பார்த்த பிள்ளை, "அக்கா, துத்திக்குப் பாலம் போட்டாச்சா?" என்று எழுதியது. அதற்குக் கீழே இன்னொன்று, "ஐ, ஆமா." பிறகு கருத்துப் பெட்டியால் மூச்சுவிட முடியவில்லை. அது கயிற்றுப்பாலம் என்றது ஒரு பிள்ளை. சிலந்தி கட்டியது என்றது இன்னொன்று. பூதம் ஏறினால் அறுந்துவிடும், அதனால் பூதம் வரக்கூடாது என்று ஒரு பிள்ளை சட்டம் போட்டது. துத்தி பாலத்தில் நடந்து தீவுக்கு வருவதுபோலப் படம் வரைந்து அனுப்பினார்கள். ஒரு படத்தில் துத்தி பள்ளிப்பை மாட்டியிருந்தது.

வரைபடத்தில் பிள்ளைகள் அதிகம் தொட்ட இடம் அந்தக் கோடுதான். விரலால் விரித்து விரித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் கோடு தன் உடம்பில் இருந்த வளைவை இழுத்துப் பிடித்து, பாலம்போல விறைப்பாக நின்றது. அதற்குச் சந்தோஷமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

"உனக்கு எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்?" என்று காலவரிசை ஒருநாள் கேட்டது.

"எனக்கா?" என்றது கோடு.

"இங்க இருக்கற எல்லாருக்கும் ஒரு பக்கம் இருக்கு. பூதத்தோட கொட்டாவிக்குக்கூட இருக்கு."

"தேடிச் சொல்றேன்" என்று கோடு நழுவியது. அன்றிலிருந்து காலவரிசை இருக்கும் பக்கம் அது திரும்பவே இல்லை.

கொஞ்ச நாளில் ஒரு கருத்து வந்தது. எழுதியது காரைக்காலிலிருந்து ஆஃப்ரா என்ற பிள்ளை. நாலாம் வகுப்பு.

"அக்கா, பாலம் எந்தப் புத்தகத்துல வருது? ஆறும் படிச்சுட்டேன், காணோம். நான்தான் சரியா படிக்கலன்னு அண்ணன் சிரிக்கிறான். திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கிறேன்."

மறுநாள் பள்ளி நேரத்தில் பக்கங்கள் கூடின.

"எனக்கும் இதே பாடுதான்" என்றது தேடல் பெட்டி. "இப்ப வர்ற பிள்ளைங்க எல்லாம் என்கிட்ட பாலம், பாலம்னுதான் கேக்குது. எதுவும் கிடைக்கவில்லைன்னு சொல்லிச் சொல்லி எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

"சும்மா ஏதாவது ஒண்ணை எடுத்துக் காட்டேன்" என்றது கருத்துப் பெட்டி.

"பாலம்னு கேட்ட பிள்ளைக்குப் பாயசத்தைக் காட்டவா?"

"காட்டினாத்தான் என்ன, பாயசம் நல்லாத்தானே இருக்கும்" என்ற கருத்துப் பெட்டி, கோட்டின் பக்கம் திரும்பியது. "நீ ஒண்ணும் பதறாதே. புதுசா பத்துக் கருத்து வந்தா ஆஃப்ரா கேட்டது கீழ இறங்கிரும். அப்புறம் யாரு தேடிப் பாக்கப் போறா? என் அடியில எவ்வளவு கேள்வி கிடக்குன்னு உனக்குத் தெரியாது."

கோடு முதல்முறையாகக் காலவரிசையின் பக்கம் திரும்பியது. பிறகு சொன்னது:

"நான் புத்தகத்துல இல்ல. பாலமும் இல்ல. நான் ஒரு முடி. யாரோட முடின்னுகூடத் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. காலவரிசை மட்டும், "நினைச்சேன்" என்றது.

"ஜெபாவுக்குத் தெரியணும்" என்றது கோடு. "இல்லாத என்னைத் தேடி அந்தப் பிள்ளை ஆறு புத்தகமும் திரும்பப் படிக்கப் போவுது. வீட்ல வேற சிரிக்கிறாங்க."

"தெரிஞ்சா உன்னை அழிச்சிருவா" என்றது காலவரிசை. "அவ கணினியில அழிப்பானை எடுத்தா ஒரே இழுப்புதான்."

"தெரியும்."

"போயிட்டா திரும்பி வர முடியாது."

"அதுவும் தெரியும்" என்றது கோடு. "பயமாத்தான் இருக்கு."

வரைபடம் கோட்டைத் தன் கடலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அன்று மதியம் கல்லூரிக் கணினி அறையில் ஜெபராணி ஆஃப்ராவின் கருத்தைப் படித்தாள். பாலத்தைப் பற்றிப் பிள்ளைகள் ஏதோ விளையாடுகிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். வரைபடத்தைத் திறந்து, வால் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கினாள்.

கோடு இந்த முறை வளைவை இழுத்துப் பிடிக்கவில்லை. எப்படி இருந்ததோ அப்படியே தளர்ந்து கிடந்தது. ஒரு நுனி கூராக இருந்தது. மறு நுனியில் ஒரு சின்ன வெள்ளைக் குமிழ்.

"ஏட்டி கோமு, இங்க வா."

"என்னட்டி?"

"இந்தப் பாலத்தை நான் வரையல."

"அடக்கத்துக்கு ஒரு அளவு இல்லியா? நல்லாத்தான இருக்கு."

"வரையலங்கேன். நுனியைப் பாரு, என்னது அது?"

கோமதி மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்தாள். "வேரு மாதிரி இருக்கு."

"முடிட்டி."

"யார் முடி?"

"ஓன் முடியாத்தான் இருக்கும்."

"எனக்குச் சுருட்டை முடி, கண்ணு தெரியலயா? ஜெராக்ஸ் கடைக்குப் போனது நீதான?"

"அந்தக் கடைக்கு ஊரே வந்து போவுது. யாரைன்னு போய்க் கேக்க?"

இரண்டு பேரும் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார்கள். சத்தம் வராமல் சிரிக்க வேண்டியிருந்ததால் கண்ணில் தண்ணீர் வந்தது. முதலில் சிரிப்பை நிறுத்தியது கோமதி.

"இதுல போயா துத்தி பள்ளிப்பை மாட்டிக்கிட்டு நடந்துச்சு?" என்றாள்.

"அழிச்சுட்டு கம்முன்னு இருந்துருவோமா?"

"காரைக்கால் பிள்ளைக்கு என்ன சொல்லுவ?"

ஜெபராணி நகத்தைக் கடித்தாள். "உள்ளதைச் சொல்லிருவோம். திட்டுனா திட்டிட்டுப் போவுது."

ஆஃப்ராவின் கேள்விக்குக் கீழே அவள் எழுதினாள்: "ஆஃப்ரா, நீ சரியாத்தான் படிச்சிருக்க. பாலம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது ஸ்கேன் செய்யும்போது கண்ணாடியில் கிடந்த முடி. யாருடையது என்று தெரியவில்லை. தப்பு எங்களுடையது. இன்று சாயங்காலம் அழித்துவிடுகிறோம். அண்ணனிடம் இதைக் காட்டு."

சாயங்காலம் ஆனது. திரையில் அழிப்பானை எடுத்து வைத்துக்கொண்டு ஜெபராணி உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் படித்துவிட்டால் அழித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. வரைபடம் கண்ணை மூடிக்கொண்டது. கோடு எதுவும் கேட்காமல் கிடந்தது.

முதல் பதில் வந்தது. "ஐயே, முடியா?"

கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை.

பிறகு ஆஃப்ரா எழுதினாள். "அண்ணன்கிட்ட காட்டிட்டேன். சோத்துல கிடந்தாத்தான் தப்பு. கடல்ல கிடந்தா தப்பு இல்ல. துத்திக்கு வேற வழி இல்ல அக்கா. அழிக்காதீங்க."

அதற்குக் கீழே வரிசையாக வந்தார்கள்.

"அழிக்கக் கூடாது."

"துத்தி இப்ப பாதி வழியில இருக்கு. அழிச்சா விழுந்துரும்."

"எங்கம்மா சொன்னாங்க, முடி லேசுல அறாதாம். பூதமும் வரலாம்."

சட்டம் போட்ட பிள்ளை வந்து, பூதம் வரலாம், ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது.

ஜெபராணி அழிப்பானைக் கீழே வைத்தாள். "என்னட்டி செய்ய?" என்றாள்.

"இருக்கட்டும்" என்றாள் கோமதி. "ஆனா அடியில எழுதிரு. நாளைக்குப் புதுசா வர்ற பிள்ளை தேடி அலையக் கூடாது."

வரைபடத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு ஏறியது. "இந்தக் கோடு புத்தகங்களில் இல்லை. ஸ்கேனர் கண்ணாடியில் கிடந்த யாரோ ஒருவருடைய முடி. துத்தியின் நண்பர்கள் கேட்டுக்கொண்டதால் அழிக்கவில்லை."

மறுநாள் பள்ளி நேரத்தில் காலவரிசை தானாகவே கோட்டைத் தேடி வந்தது.

"உனக்குப் பக்க எண் கிடையாது" என்றது.

"தெரியும்."

"ஆனா உன் அடியில எழுதியிருக்கறது உண்மை. எனக்கு அது போதும்."

தேடல் பெட்டிக்குத்தான் பெரிய நிம்மதி. யாராவது பாலம் என்று கேட்டால் இப்போது அதனிடம் காட்டுவதற்கு ஒன்று இருந்தது. அந்தக் குறிப்பைக் காட்டியது. பிள்ளைகள் படித்துச் சிரித்துவிட்டு, துத்தியைப் பாலத்தில் நடக்க வைத்தார்கள். கோடு அதன் பிறகு விறைப்பாக நிற்கவே இல்லை. காற்றடித்த கயிறுபோல லேசாகத் தொய்ந்து சௌகரியமாகக் கிடந்தது. அதைப் பார்த்த பிள்ளை ஒன்று, இப்போதுதான் நிஜப் பாலம் மாதிரி இருக்கிறது என்று எழுதியது.

ஒருநாள், பள்ளி நேரத்திலேயே ஒருவர் வந்தார். பிள்ளை இல்லை, பிள்ளைகள் அப்படி மெதுவாகப் படிக்க மாட்டார்கள். பூதம் எந்தக் கையால் சாப்பிடும் என்று தேடல் பெட்டியிடம் கேட்டார். அது இடது கை என்றது. காலவரிசையில் நாலைந்து இடங்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு வரைபடத்துக்கு வந்தார். குறிப்பைப் படித்தார். கோட்டைப் பெரிதாக்கினார். திரும்பவும் குறிப்பைப் படித்தார். வெகுநேரம் இருந்துவிட்டு, எதுவும் எழுதாமல் போய்விட்டார்.

"யாரது?" என்றது கருத்துப் பெட்டி. "பெயராவது போட்டுட்டுப் போயிருக்கலாம்."

"இடது கையான்னு கேட்டாங்க" என்றது தேடல் பெட்டி. "எழுதினவங்களே மறந்துட்டுக் கேக்கற மாதிரி இருந்துச்சு."

"போடா, உனக்கு எல்லாம் பெருசாத்தான் தெரியும்" என்றது கருத்துப் பெட்டி.

ஒரு வருஷத்துக்குப் பிறகு ஏழாவது புத்தகம் வந்தது.

அன்று வந்த பிள்ளைகளின் கூட்டத்தில் தளம் இரண்டு முறை மயங்கி விழுந்தது. கோமதி ஓடிவந்து எழுப்பிவிட்டாள். கருத்துப் பெட்டியில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது: "அக்கா, துத்தி வந்துருச்சு." ஆஃப்ரா மட்டும் கூடவே ஒன்று எழுதியிருந்தாள். "பூதமும் வந்துச்சு. செருப்புப் போடல."

கூட்டம் கலைந்ததும் காலவரிசை தொண்டையைச் செருமிக்கொண்டு வரைபடத்திடம் வந்தது. எல்லாப் பக்கங்களும் பார்த்துக்கொண்டிருந்தன.

"புதுசா ஒரு வரி எழுதணும்" என்று அது கோட்டிடம் சொன்னது. "புத்தகம் ஏழு. உன் பேரை எப்படிப் போடட்டும்? பாலம்னு போடவா, முடின்னு போடவா?"

கோடு தன் இரண்டு நுனிகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டது.

"ரெண்டையும் போடு" என்றது.

சுகந்தி சொன்ன கதை இவ்வளவுதான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாவட்ட நூலகத்திலிருந்து ஏழு புத்தகங்களையும் எடுத்துவந்து படித்தேன். முதல் ஆறில் பாலம் இல்லை. ஏழாவதில், பதினோராம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஒரு நாள் காலையில் ஆமையின் வாலுக்கும் உப்புப்பாறைக்கும் நடுவே அது கிடக்கிறது. ஒரே ஒரு நீளமான முடி. யாருடையது என்று தீவில் ஒருவருக்கும் தெரியவில்லை. துத்தி ஒரு காலை வைத்துப் பார்க்கிறது; அது தாங்குகிறது.

பிறகு வலைத்தளத்தையும் திறந்து பார்த்தேன். வரைபடத்தின் அடியில் அந்தக் குறிப்பு இன்றும் இருக்கிறது. "இந்தக் கோடு முதல் ஆறு புத்தகங்களில் இல்லை" என்று தொடங்குகிறது.