தேரை புகழ்ந்த குகை

ஒரு காட்டில் பதினோரு நாளாக மழை விடவில்லை. காலையில் தூறும், மதியம் கொட்டும், சாயங்காலம் ஓய்ந்துவிடுவது போல ஏமாற்றிவிட்டு மறுபடியும் பிடித்துக்கொள்ளும். சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்பதே அந்தக் காட்டுக்கு மறந்துபோயிற்று.

அங்கே ஒரு நாவல் மரத்தில் ஓர் அணில் குடியிருந்தது. அதற்கு மூன்று குட்டிகள். பிறந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அணில் குட்டி பிறக்கும்போது அதன் உடம்பில் ஒரு முடிகூட இருக்காது பிள்ளைகளே. சுண்டுவிரல் அளவுக்குச் சிவப்பாக, வெறும் தோலோடு கிடக்கும். அதனால் மூன்றையும் சேர்த்துச் சுற்றிவைக்க அம்மா அணில் இலவம்பஞ்சில் ஐந்து துணிகள் நெய்து வைத்திருந்தது.

அணில் துணி நெய்யுமா என்று கேட்காதீர்கள். இந்த அணில் நெய்தது. உங்கள் வீட்டு அணிலுக்கு அவ்வளவு பொறுமை இல்லாவிட்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சின்னக் குட்டிகள் என்ன செய்யும் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு நாளைக்கு ஒரு துணியாவது நனைந்துவிடும். அணில் துவைத்துத் துவைத்துப் போட்டது. ஆனால் எங்கே காயப்போடுவது? நான்கு துணிகள் ஈரமாகக் கிடந்தன. குட்டிகளைச் சுற்றியிருந்த ஐந்தாவது துணி ஒன்றுதான் காய்ந்தது. அதுவும் நனைந்தால் பிறகு வெறும் தோல்தான்.

அப்போதுதான் மரத்தடியில் கரடி வந்து நின்றது.

"தங்கச்சி, பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு என் குகைக்கு வந்துடு. அங்க பாறையே சூடா இருக்கும். உன் துணியெல்லாம் ஒரு நாள்ல காய்ஞ்சிரும்" என்றது.

கரடி சொன்னது உண்மை. அதன் குகைக்கு அடியில் வெந்நீர் ஊற்று ஒன்று ஓடியது. அதனால் குகையின் தரை எந்தக் காலத்திலும் இளஞ்சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டைக் கரடி யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. அவ்வளவு நல்ல மனசு அதற்கு. அணிலுக்குக் கண் கலங்கிவிட்டது.

குட்டிகளை வாயில் கவ்வி ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஈரத் துணிகளைக் கரடியே மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தது.

குகையில் ஏற்கெனவே ஒரு விருந்தாளி இருந்தது. அது குரங்கு. குரங்குக்கு ஒரு தலைப்பாகை உண்டு. எட்டு முழம். அதைக் கட்டிக்கொள்ளாமல் அது வெளியே தலைகாட்டாது. அந்தத் தலைப்பாகை நனைந்துவிட்டதென்று இரண்டு நாளாக உள்ளேயே உட்கார்ந்திருந்தது. குகையில் எந்த இடம் மிகவும் சூடோ அந்த இடத்துக்கு நேர் மேலே, கொடியில் தலைப்பாகையை நான்காக மடித்துத் தொங்கவிட்டிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன். பிள்ளைங்க துணிக்கும் இடம் வேணும்" என்றது அணில்.

"தாராளமா என் தலைப்பாகை மேலயே போட்டுக்கோ" என்றது குரங்கு.

அப்படியே ஒன்றின் மேல் ஒன்றாக எல்லாத் துணியும் ஒரே இடத்தில் ஏறின. கொடி வில்லாக வளைந்து தொங்கியது.

கரடி வாசலுக்குப் போய்ப் பெரிய பலகைக் கல்லை நகர்த்தி வைத்து மூடியது. பின்சுவரின் உச்சியில் ஒரு பிளவு இருந்தது. அதையும் காய்ந்த புல்லை அள்ளித் திணித்து அடைத்தது.

"போன வருஷம் மழையில இதையெல்லாம் திறந்து போட்டிருந்தேன். காத்தடிச்சு மூணு நாள் நடுங்கிக்கிட்டுக் கிடந்தேன். இனிமே ஒரு பொட்டுச் சூடுகூட வெளிய போக விடமாட்டேன்" என்றது.

மறுநாள் காலையில் அணில் எழுந்ததும் துணியைத் தொட்டுப் பார்த்தது. ஈரம்.

"இன்னும் நேரம் ஆகும் தங்கச்சி" என்றது கரடி. கல்லுக்கும் வாசலுக்கும் நடுவே ஓர் இடுக்குத் தெரிந்தது. அதிலும் கொஞ்சம் களிமண்ணை அப்பியது.

மத்தியானம் தொட்டுப் பார்த்தது. ஈரம். சாயங்காலம் தொட்டுப் பார்த்தது. ஈரத்தோடு இப்போது ஒரு வாடையும் சேர்ந்திருந்தது. ஒரு வாரம் தண்ணீர் மாற்றாத பூச்சாடியை முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அந்த வாடை.

கரடிக்கு வருத்தமாகத்தான் இருந்தது. விருந்தாளிக்கு ஒரு துணி காயவைத்துக் கொடுக்க முடியவில்லையே என்று மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்போது சுவரோரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஐயா, ரொம்ப நல்லாயிருக்குய்யா உங்க குகை."

பார்த்தால் ஒரு தேரை. முதல் நாள் கொண்டுவந்த ஈரத் துணி மூட்டைக்குள் ஒளிந்து உள்ளே வந்துவிட்டது போலிருக்கிறது. சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை அரைவாசி மூடி உட்கார்ந்திருந்தது.

"நான் எவ்வளவோ இடம் பார்த்திருக்கேன். இப்படி ஒரு சுகம் எங்கயும் இல்ல. அந்தக் கல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் திறந்துடாதீங்க" என்றது தேரை.

கரடியின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா தங்கச்சி, ஊர் உலகம் சுத்தினவங்களே சொல்றாங்க" என்றது. துணி காயாத வருத்தம் பாதி போய்விட்டது. பாராட்டு கிடைத்தால் கரடிகள் அப்படித்தான். நாமும் அப்படித்தான், அதை இப்போது விட்டுவிடுவோம்.

மூன்றாம் நாள் காலையில் கடைசிக் குட்டி தும்மியது. சின்னத் தும்மல்தான். ஆனால் அணில் ஓடிப்போய் அதைத் தொட்டுப் பார்த்தது. குட்டிகளைச் சுற்றியிருந்த துணியும் ஓரத்தில் நனையத் தொடங்கியிருந்தது. மத்தியானத்துக்குமேல் அது தாங்காது.

"அண்ணே, அந்தக் கல்லைக் கொஞ்சம் நகர்த்துங்க. காத்து வரட்டும்" என்றது அணில்.

"காத்து வந்தா சூடு போயிடுமே. முடியில்லாத பிள்ளைங்க, தாங்குமா?" என்றது கரடி.

"காத்தடிச்சா என் தலைப்பாகை பறந்துடும்" என்றது குரங்கு.

"திறக்கவே கூடாது" என்றது தேரை.

மூன்று பேரும் ஒரே பக்கம். ஒற்றை அணில் என்ன செய்யும்? சண்டை போட அதற்குத் தெரியாது. ஆனால் கவனிக்கத் தெரியும். அது தேரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு மெதுவாக அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"ஏங்க, ஊரெல்லாம் சுத்தினவரு நீங்க. உங்களுக்குப் பிடிச்ச இடமெல்லாம் எது எதுன்னு சொல்லுங்களேன். கேக்க ஆசையா இருக்கு."

இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் பேச வராது? தேரை தொண்டையை உப்பிக்கொண்டு ஆரம்பித்தது.

"முதல்ல பாழுங்கிணத்தோட உள்சுவரு. அப்புறம் குளத்து மதகுக்கு அடியில பாசி பிடிச்ச கல்லு. வாழைத் தோப்புல தண்ணி தேங்கி நிக்கிற பள்ளம். ஆனா இந்தக் குகை இருக்கே, அது எல்லாத்தையும் மிஞ்சிடுச்சு."

"வெயில்ல காய்ஞ்ச பாறை எப்படி? அதுவும் சூடாத்தானே இருக்கும்?"

"ஐயையோ, பேச்சுக்குக்கூட அதைச் சொல்லாதம்மா. காய்ஞ்ச இடத்துல நான் அரை நாள்கூட இருக்கமாட்டேன். தோலு இழுத்துக்கும்."

கரடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கிணற்றுச் சுவர், மதகுக் கல், தண்ணீர்ப் பள்ளம், தன் குகை. இந்த வரிசையில் தன் குகை எப்படி வந்து சேர்ந்தது என்று அதற்குப் புரியவில்லை.

அதே நேரம் குட்டிகளின் துணி முழுவதும் நனைந்துவிட்டது. கடைசிக் குட்டி மறுபடி தும்மியது.

கரடி பதறிப்போனது. "கொண்டா தங்கச்சி, என் முடிக்குள்ள வச்சுக்கிறேன். எனக்குத்தான் இவ்வளவு முடி இருக்கே" என்று கையை நீட்டியது. அணில் குட்டிகளை அதன் நெஞ்சருகே கொண்டுபோனது. உடனே பின்வாங்கியது.

"அண்ணே, உங்க முடியும் ஈரமா இருக்கு."

கரடி தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தது. உள்ளங்கை நனைந்தது. "நான் ரெண்டு நாளா வெளியவே போகலையே. மழை என்மேல எப்படிப் பட்டுச்சு?" என்றது.

சுவரைத் தடவியது. கைவழியே தண்ணீர் வழிந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது. கூரையில் துளித்துளியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. படுக்கைப் புல்லைப் புரட்டியது. அடியில் வெள்ளையாகப் பூஞ்சை.

"துணியில இருக்கிற தண்ணி இந்தச் சூட்டுல கிளம்பத்தான் செய்யுது அண்ணே" என்றது அணில். "ஆனா அது எங்க போகும்? வாசலை அடைச்சாச்சு, மேல இருக்கிற பிளவையும் அடைச்சாச்சு. போக வழியில்லாம சுவத்துல ஏறுது, உங்க மேல ஏறுது, திரும்பத் துணிக்கே வந்துடுது. சூடு பாறையில இருக்கு. ஊத்து ஓடற வரைக்கும் அது எங்கயும் போகாது."

கரடி தான் அடைத்த வாசலைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, "மழையை வெளிய விட்டுக் கதவை மூடினேன்னு நினைச்சேன். உள்ள வச்சு மூடியிருக்கேன்" என்றது.

அவ்வளவுதான். எழுந்து கல்லைப் பிடித்து நகர்த்தியது. முழுவதும் அல்ல, சாரல் உள்ளே அடிக்காத அளவுக்கு ஒரு கை அகலம். பிறகு பின்சுவரில் ஏறி, உச்சிப் பிளவில் திணித்த புல்லைப் பிடுங்கி எறிந்தது. வாசல் வழியாக ஒரு காற்று நுழைந்து குகையைத் தடவிக்கொண்டு பிளவு வழியாக வெளியே போனது.

"என் தலைப்பாகை" என்று குரங்கு எழுந்தது.

"தம்பி, அதை எடுத்து இன்னொரு தடவை பிழி" என்றது கரடி. கரடி அவ்வளவு கண்டிப்பான குரலில் பேசி யாரும் கேட்டதில்லை. குரங்கு மறுபேச்சில்லாமல் பிழிந்தது. இரண்டு சிரட்டைத் தண்ணீர் வந்தது.

அணிலின் துணிகளைக் கரடி முறுக்கிப் பிழிந்தது. மறுமுனையைப் பிடித்திருந்த அணிலும் துணியோடு சேர்ந்து இரண்டு சுற்றுச் சுற்றி வந்தது. சிரிக்க நேரமில்லாததால் யாரும் சிரிக்கவில்லை. புதிதாக ஒரு கொடியைக் காற்று போகும் வழியில் குறுக்கே கட்டினார்கள். ஒவ்வொரு துணியையும் உதறி, மடிக்காமல் விரித்துப் போட்டார்கள். இரண்டு துணிக்கு நடுவில் கரடியின் கை தாராளமாக நுழையும் அளவுக்கு இடம் விட்டார்கள். தலைப்பாகை தள்ளிப்போய்ச் சுவரோரம் நீளமாகத் தொங்கியது.

குட்டிகளை அணில் தன் வாலுக்குள் சுருட்டிக்கொண்டு வெதுவெதுப்பான பாறையில் படுத்தது. வால் சின்னது. ஒரு குட்டியை மூடினால் இன்னொன்று வெளியே தெரிந்தது. காற்று படாமல் மறைக்கக் கரடி தன் முதுகைத் திருப்பிச் சுவர் போல உட்கார்ந்துகொண்டது. அணில் துணியைப் பார்க்கவில்லை. தேரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

தேரை முதலில் இடம் மாறி உட்கார்ந்தது. பிறகு தரைக்கு இறங்கி ஒரு மூலையைத் தேடியது. அங்கிருந்து இன்னொரு மூலைக்குத் தாவியது. முதுகைச் சொறிந்துகொண்டது. மழை அப்போதும் பெய்துகொண்டுதான் இருந்தது.

சாயங்காலம் ஆவதற்குள் தேரை கரடியின் முன்னால் வந்து நின்றது.

"நான் கிளம்பறேங்கய்யா. எவ்வளவு நல்ல இடம் இது. கெடுத்துட்டீங்களே" என்றது.

"மன்னிச்சுக்கப்பா. வாசல்ல கல்லுக்கு அடியில தண்ணி தேங்கியிருக்கு. எப்ப வேணும்னாலும் வந்து இரு" என்றது கரடி. வந்த விருந்தாளி வருத்தத்தோடு போகிறதே என்று அதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

தேரை வாசல் இடுக்கில் நுழைந்து வெளியே தாவியதும் அணில் எழுந்தது. கொடியின் ஓரத்தில் தொங்கிய துணியைத் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. நேராக உருவி எடுத்துக் குட்டிகளைச் சுற்றியது.

கடைசிக் குட்டி தும்முவதற்காக மூக்கைச் சுளித்தது. பிறகு மறந்துபோய்த் தூங்கிவிட்டது.

நீதி: சேர்த்து வைக்கும் நல்ல மனம் மட்டும் போதாது, போக வேண்டியது போவதற்கு வழியும் விட வேண்டும்.